ஸ்டெப்னில காத்து இருக்கா?

எங்கயாவது தூரமா கிளம்புறேன்னு சொன்னா போதும், என் ஃப்ரெண்டு ஒருத்தன், அவன் கேக்குற முதல் கேள்வி இதான். யார் கூட போற, எப்ப திரும்புவ, எதுவும் கேக்க மாட்டான். "மாப்ள, ஸ்டெப்னில காத்து இருக்கா?" நானும் 18 வருஷமா ஒரே பதிலைத்தான் சொல்லிட்டு இருந்தேன், "இருக்குடா". ஒரு தடவை கூட டிக்கியைத் திறந்து பாத்துட்டு அந்தப் பதிலைச் சொன்னதில்ல.

அவன் போய் ஒரு வருஷம் தாண்டிடுச்சு. எழுதணும்னு பல தடவை உக்காந்திருக்கேன், ரெண்டு வரி தாண்டாது, மூடி வச்சிடுவேன். போன மாசம் ராத்திரி நேரம் ரோட்டோரத்துல நடந்த ஒரு விஷயத்துக்கு அப்புறம் எழுதாம இருக்க முடியல. நீளமா போகும், கார் பத்தி நிறைய வரும், பொறுத்துக்கோங்க, கார் இல்லாம அவனைப் பத்திச் சொல்ல எனக்கு வழி தெரியல.

முதல் தடவை அவனைப் பாத்தது ஆபீஸ் பார்க்கிங்ல. நல்ல மழை, எல்லாரும் கிளம்பிட்டாங்க, என் வண்டி மட்டும் ஸ்டார்ட் ஆகல. அப்போ என்கிட்ட இருந்தது செகண்ட் ஹேண்ட்ல வாங்குன பழைய கார்புரேட்டர் வண்டி. சோக்கை இழுத்து வச்சுக்கிட்டு ஆக்ஸிலேட்டரை மிதி மிதின்னு மிதிச்சு செல்ஃப் அடிச்சிட்டே இருக்கேன், பேட்டரி சத்தம் கம்மியாகிட்டே போகுது. வேற ஃப்ளோர்ல வேலை பாக்குறவன், முகம் மட்டும் தெரியும், பேரு கூட தெரியாது, தலைல பையை வச்சுக்கிட்டு ஓடி வந்தான். வந்தவன் பானெட்டைத் திறக்கச் சொல்லல. ஜன்னல் பக்கத்துல நின்னு மூச்சை ஒரு தடவை உள்ள இழுத்தான், அவ்ளோதான்.

"சார், பெட்ரோல் வாசனை இவ்ளோ வருது பாருங்க, ஃப்ளட் ஆயிடுச்சு. சோக்கை உள்ள தள்ளிடுங்க. ஆக்ஸிலேட்டரை அடி வரைக்கும் அமுக்கி அப்படியே வச்சுக்கோங்க, பம்ப் பண்ணாதீங்க. இப்ப அடிங்க."

அடிச்சேன். ஏழெட்டு செகண்ட் சும்மா சுத்துச்சு, அப்புறம் ஒரு இருமல், இன்னொரு இருமல், பிடிச்சிடுச்சு. சைலன்சர்ல இருந்து கருப்பா புகை வந்து மழைக்குள்ள போச்சு. எனக்கு நம்பவே முடியல, ஏன்னா வண்டி ஸ்டார்ட் ஆகலன்னா இன்னும் கொஞ்சம் பெட்ரோல் குடுக்கணும்னுதான் நான் நெனச்சிட்டு இருந்தேன். அவன் சொன்னான், "வண்டி காத்து கேக்குது சார். நீங்க பெட்ரோலையே குடுத்துட்டு இருந்தீங்க."

ஆக்ஸிலேட்டரை முழுசா அமுக்கினா த்ராட்டில் முழுசா திறக்கும், காத்து நிறைய உள்ள போகும், பிளக்கை நனைச்சு வச்சிருக்குற பெட்ரோலை அது காய வச்சு வெளிய தள்ளும். விஷயம் இவ்ளோதான். ஆனா அன்னைக்கு அவன் சொன்ன விதம் எனக்குள்ள தங்கிடுச்சு. அந்த வாரமே அவனைத் தேடிப் போய் நன்றி சொன்னேன், பேச்சு பிளக்ல ஆரம்பிச்சுது, எங்கெங்கயோ போச்சு, மூணு மணி நேரம் ஆச்சு. சார் போய் நீங்க ஆச்சு, ஒரு மாசத்துல நீங்க போய் டா ஆச்சு, அப்புறம் மாப்ள.

அவனுக்கு மெக்கானிக் வேலை கிடையாது. கணக்கு எழுதுற வேலை. கார்னா உயிர், அவ்ளோதான். சனிக்கிழமை ஆனா ஒரு பழைய சட்டை, கைல எண்ணெய், முகத்துல அப்படி ஒரு நிம்மதி. அவன்கிட்ட நான் கத்துக்கிட்டதுல பெருசுன்னா, திறக்குறதுக்கு முன்னாடி கேக்கணும்ங்கிறது. நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒண்ணு வச்சிருந்தான், மரப்பிடி போட்டது. முனையை என்ஜின் மேல வச்சு, பிடியைக் காதோட ஒட்டி, கண்ணை மூடிட்டு நிப்பான். டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைக்கிற மாதிரியே. எனக்கும் குடுத்துக் கேக்கச் சொல்லுவான். முதல்ல எனக்கு எல்லாமே ஒரே இரைச்சல். மெதுவாத்தான் பிரிய ஆரம்பிச்சுது. டேப்பெட்னா என்ஜின் வால்வைத் தள்ளித் திறக்குற பாகம், அதோட சத்தம் என்ஜின் வேகத்துல பாதி வேகத்துல வரும், ஏன்னா அதை இயக்குற கேம்ஷாஃப்ட் சுத்துறது என்ஜினோட முக்கியத் தண்டு கிராங்க்ஷாஃப்ட் சுத்துறதுல பாதி. அதனால லேசா, மேல இருந்து, அவசரம் இல்லாம டிக் டிக்னு கேக்கும். கீழ இருந்து, லோடு ஏறும்போது, கனமா அடிச்சா அது பேரிங், உடனே ஆஃப் பண்ணிடணும். இப்படி ஒவ்வொண்ணா. ஆறு மாசம் கழிச்சு ஒரு நாள் நான் கண்ணை மூடிட்டு "மூணாவது சிலிண்டர் டேப்பெட்"னு சொன்னேன், திறந்து, இடைவெளி அளக்குற ஃபீலர் கேஜ் வச்சுப் பாத்தா மூணாவதுதான் லூஸ். அவன் ஒண்ணும் சொல்லல, தோள்ல ஒரு தட்டு தட்டினான். பரீட்சைல பாஸ் ஆனதை விட அது எனக்குப் பெருசு.

எங்களுக்குள்ள தீராத சண்டை ஒண்ணு இருந்துச்சு, உலகத்துலயே பெரிய கார் எது. பெருசுன்னா அளவுல இல்ல. அவனுக்கு இங்கிலாந்து வண்டி மினி. எனக்கு பிரெஞ்சு வண்டி சிட்ரோயன் டி.எஸ். ரெண்டு பேருமே அந்த ரெண்டு வண்டியையும் ஓட்டினது கிடையாது, ஆனா சண்டை மட்டும் அப்படி நடக்கும்.

அவன் ஆரம்பிச்சான்னா 1956ல இருந்து ஆரம்பிப்பான். சூயஸ் கால்வாய்ப் பிரச்சினை, பெட்ரோல் தட்டுப்பாடு, சின்னதா சிக்கனமா ஒரு வண்டி வேணும்னு டிசைனர் அலெக் இஸிகோனிஸ்கிட்ட சொல்றாங்க. அந்த மனுஷன் என்ன பண்ணாரு, என்ஜினைத் திருப்பிக் குறுக்கால வச்சாரு, கியர் பாக்ஸை என்ஜினுக்கு அடியில தள்ளினாரு, ரெண்டுக்கும் ஒரே ஆயில். சக்கரம் பத்து இன்ச்தான். 1959 ஆகஸ்ட்ல வந்த வண்டியோட மொத்த நீளமே பத்தடி, அந்தத் தரையில 80 சதவீதம் ஆளுங்களுக்கும் சாமானுக்கும். "பத்தடி வண்டிடா, அதுல எட்டடி மனுஷனுக்கு, ரெண்டடிதான் மெஷினுக்கு, இப்படி யோசிச்சவன் எவன் இருக்கான் சொல்லு"ன்னு கேக்கும்போது அவனுக்குக் குரலே மாறிடும். இன்னைக்கு ரோட்ல ஓடுற சின்ன கார்ல பெரும்பாலானது குறுக்கால என்ஜின் வச்ச முன்சக்கர டிரைவ்தான், அதையும் சேத்துக் காட்டுவான். மான்டி கார்லோ ராலியில 1964, 1965, 1967 மூணு வருஷம் ஜெயிச்சதைச் சொல்லுவான், நடுவுல 1966ல முதல் மூணு இடத்துல வந்தும் ஹெட்லைட்டைக் காரணம் காட்டித் தகுதி நீக்கம் பண்ணிட்டாங்கன்னு சொல்லும்போது, ஏதோ அவன் வீட்டுப் பையனுக்கு மார்க்கைக் குறைச்சுட்ட மாதிரி நிஜமாவே கோபம் வரும்.

நான் டி.எஸ்ஸுக்குப் பேசுவேன். 1955 பாரிஸ் கார் கண்காட்சியில அது வந்து நின்னப்போ பக்கத்துல இருந்த எல்லா வண்டியும் ஒரே நாள்ல பழசாயிடுச்சு, ஸ்பிரிங்குக்குப் பதிலா உருண்டைக்குள்ள நைட்ரஜன், அதுக்குக் கீழ ஆயில், ஸ்டார்ட் பண்ணா தூங்கி எந்திரிக்கிற மாதிரி மெதுவா உடம்பைத் தூக்கும். 1962 ஆகஸ்ட் 22, பாரிஸ் பக்கத்துல பெத்தி க்ளாமார்ல, பிரெஞ்சு ஜனாதிபதி டி கால் போன டி.எஸ் மேல சரமாரியா சுட்டாங்க, டயர் கிழிஞ்சு போச்சு, ஆனாலும் வண்டி சாயாம வேகத்தைக் குறைக்காம தப்பிச்சுப் போச்சு. இதைச் சொன்னா மட்டும் அவன் கொஞ்ச நேரம் அமைதியா இருப்பான். அப்புறம், "அதுவும் காத்து பண்ண வேலைதான மாப்ள, நைட்ரஜன்னா காத்துல முக்கால்வாசிக்கு மேல இருக்குறதுதான". சண்டை அதோட அன்னைக்கு முடியும். அடுத்த சனிக்கிழமை திரும்ப 1956.

அவன் போன் ரிங்டோன் என்ன தெரியுமா, மஸ்டா 787பி. 1991 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்துல ஜெயிச்ச வண்டி, பிஸ்டனே இல்லாத நாலு ரோட்டர் வேங்கல் என்ஜின். ரோட்டரி என்ஜின் அங்க ஜெயிச்சது அந்த ஒரே ஒரு தடவைதான், ஜப்பான் கம்பெனி ஒண்ணு அங்க ஜெயிச்சதும் அதான் முதல். வேற எந்த வண்டியும் போடாத ஒரு கத்தல் அது. கடைசி ஓட்டம் ஓட்டின ஜானி ஹெர்பர்ட் வண்டியை விட்டு இறங்குனதும் உடம்புல தண்ணி வத்திப்போய் மயங்கிட்டாரு, பரிசு மேடைக்கே வர முடியல. அவன் அந்த ஓட்டத்தைப் பத்திப் பேசும்போதெல்லாம் ஜெயிச்சதை விட அந்த மயக்கத்தைத்தான் சொல்லுவான், முழுசா குடுத்துட்டான் பாருன்னு.

ஆனா இதெல்லாம் பேச்சு. நாங்க ரெண்டு பேரும் சொந்த விஷயம் பேசினது ரொம்பக் கம்மி. இத்தனை வருஷத்துல எதிரெதிரா உக்காந்து, முகத்தைப் பாத்து, உனக்கு என்ன கஷ்டம்னு அவன் கேட்டதும் இல்ல, நான் கேட்டதும் இல்ல. வண்டில பக்கத்துப் பக்கத்து சீட்டு, ரெண்டு பேர் கண்ணும் ரோட்டுல. இல்லன்னா ஒருத்தன் வண்டிக்கு அடியில, ஒருத்தன் மேல.

எங்கப்பா போன சமயம் வீடு நிறைய ஆளுங்க. எல்லாரும் ஏதாவது ஆறுதல் சொன்னாங்க. அவன் வந்தான், என் பக்கத்துல கொஞ்ச நேரம் நின்னான், ஒண்ணும் சொல்லல. அப்புறம் "சாவி குடு"ன்னான். குடுத்தேன். சாயங்காலமா கொண்டு வந்து விட்டுட்டுப் போயிட்டான். நாலு நாள் கழிச்சு வண்டியை எடுத்துட்டு மெயின் ரோடு ஏறுறேன், ஏதோ ஒண்ணு குறையுது. என்னன்னு புரியல. அப்புறம்தான் தெரிஞ்சுது, மூணு மாசமா ஒரு ஊளைச் சத்தம் வந்துட்டு இருந்துச்சு, 60 தாண்டினா உம்ம்னு, இடது பக்கம் திருப்பும்போது அதிகமாகும். இடது பக்கம் திரும்பினா பாரம் வலது சக்கரத்துக்குப் போகும், அப்போ சத்தம் கூடினா வலது வீல் பேரிங் போயிடுச்சுன்னு அர்த்தம். அவன் கூட வரும்போதெல்லாம் கேட்டிருக்கான். அந்தச் சத்தம் இப்ப இல்ல. ரோட்டோரமா நிறுத்திட்டு அவனுக்குப் போன் பண்ணேன். "வலது பேரிங் மாத்திட்டேன்டா, நீ இப்போதைக்கு நிறைய அலைய வேண்டி இருக்கும்ல"ன்னான். அன்னைக்குத்தான் நான் அப்பாவுக்காக முதல் தடவையா அழுதேன், அந்த அமைதியான வண்டிக்குள்ள உக்காந்து.

பிரேக்ல காத்து எடுக்குற வேலை பாத்திருக்கீங்களா? அது ஒருத்தனால சரியா பண்ண முடியாத வேலை (ஒருத்தனே பண்ற மாதிரி வால்வு வச்ச கிட் இப்ப விக்குதுதான், அவன் அதை வாங்க விட்டதே இல்ல). ஒருத்தன் உள்ள உக்காந்து பெடலை மூணு நாலு தடவை அமுக்கி அழுத்திப் பிடிச்சுக்கணும். இன்னொருத்தன் சக்கரத்துக்கிட்ட படுத்துக்கிட்டு அங்க இருக்குற சின்னத் திருகு, நிப்பிள்னு சொல்றது, அதைக் கால் சுத்து திறப்பான், ஆயிலோட சேந்து குமிழி குமிழியா காத்து டியூப் வழியா பாட்டில்ல இறங்கும், பெடல் மெதுவா கீழ போகும். அவன் நிப்பிளை மூடிட்டேன்னு சொல்ற வரைக்கும் இவன் காலை எடுக்கவே கூடாது, எடுத்தா காத்து திரும்ப உள்ள போயிடும், முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். பெடலை அமுக்கினா ஆயிலைத் தள்ளுற மாஸ்டர் சிலிண்டருக்கு ரொம்பத் தூரத்துல இருக்குற சக்கரத்துல ஆரம்பிச்சு கிட்ட இருக்குறதுல முடிக்கணும். ஆயிலை அமுக்க முடியாது, காத்தை அமுக்க முடியும், அதனாலதான் லைன்ல துளி காத்து இருந்தாலும் பெடல் பஞ்சு மாதிரி போகும். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஆயிலையே மாத்திடுவான், அது காத்துல இருக்குற ஈரத்தை இழுத்துக்கும், ஈரம் சேந்தா கொதிநிலை இறங்கிடும், புது டாட் 4 ஆயில் குறைஞ்சது 230 டிகிரி தாங்கணும்னு கணக்கு, ஈரம் ஏறினப்புறம் அந்தக் கணக்கு 155தான். "பிரேக்ல காத்து இருக்கக் கூடாது, டயர்ல காத்து இல்லாம இருக்கக் கூடாது, மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" அப்படிம்பான்.

ஒரு சனிக்கிழமை, அவன் கீழ, நான் உள்ள. எனக்கு அவன் கால் மட்டும்தான் தெரியுது. குரல் மட்டும் வருது.

"அமுக்கு... அமுக்கு... பிடி."

பிடிச்சேன். பெடல் இறங்குது.

"வேலை போச்சுடா."

நான் என்ன சொல்றதுன்னு தெரியாம "எப்போ?"ன்னேன்.

"போன மாசம். காலை எடுத்துடாத, பிடி... மூடிட்டேன். விடு. வீட்ல இன்னும் சொல்லல. அமுக்கு... அமுக்கு... பிடி."

நாலு சக்கரமும் முடியுற வரைக்கும் இப்படித்தான் பேசினோம். ஒவ்வொரு "பிடி"க்கும் ஒரு வரி. எவ்ளோ கடன், யாருக்கு என்ன பதில் சொல்லணும், ராத்திரி தூக்கம் வரல, எல்லாம் அந்த அடியில இருந்து வந்துச்சு. நான் ஒரு ஆறுதலும் சொல்லல. அவன் சொல்ற வரைக்கும் காலை எடுக்கல, அவ்ளோதான் நான் பண்ணது. முடிச்சு வெளிய வந்தவன் பெடலை ஒரு தடவை அமுக்கிப் பாத்தான், கல்லு மாதிரி நின்னுச்சு. முகம் கொஞ்சம் தெளிஞ்சிருந்துச்சு. மூணு மாசத்துல வேற வேலை கிடைச்சுது, அதையும் அவன் அடுத்த ஆயில் சேஞ்ச் அன்னைக்குத்தான் சொன்னான்.

ஸ்டெப்னிங்கிற வார்த்தை எங்க இருந்து வந்துச்சுன்னு அவன்தான் சொன்னான், ஒரு ராத்திரிப் பயணத்துல. நான் இங்கிலீஷ்லயும் அதான் பேருன்னு நெனச்சிட்டு இருந்தேன். ஆரம்பத்துல கார்ல சக்கரத்தைக் கழட்டவே முடியாதாம், பஞ்சர் ஆச்சுன்னா ரோட்லயே உக்காந்து டயரை உரிச்சு ஒட்டணும். வேல்ஸ்ல லனெத்லின்னு ஒரு ஊர், அங்க டேவிஸ்னு அண்ணன் தம்பி ரெண்டு பேர் 1904ல ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. ஆரமே இல்லாத ஒரு ரிம்மு, அதுல காத்தடிச்ச டயர் ரெடியா இருக்கும், பஞ்சர் ஆன சக்கரத்தோட பக்கத்துல அதை வச்சு கிளாம்ப் போட்டு முறுக்கிட்டுக் கிளம்பிடலாம். அவங்க பட்டறை இருந்த தெருவுக்குப் பேரு ஸ்டெப்னி ஸ்ட்ரீட். அந்தத் தெருப் பேருதான் நம்ம வாய்ல இன்னும் ஓடிட்டு இருக்கு. அந்தச் சக்கரம் எப்பவோ போயிடுச்சு, அந்த ஊர் பக்கமே போகாத நாம அந்தத் தெருவைத் தினமும் சொல்றோம்.

அன்னைக்கு ராத்திரி முழுக்க இந்த மாதிரிதான். பெர்த்தா பென்ஸ் 1888 ஆகஸ்ட்ல ரெண்டு பசங்களைக் கூட்டிக்கிட்டு, புருஷன்கிட்ட சொல்லாம, மன்ஹைம்ல இருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரைக்கும் 100 கிலோமீட்டருக்கு மேல அந்த மூணு சக்கர வண்டியை ஓட்டிட்டுப் போன கதை. வழியில எரிபொருளை மருந்துக் கடையில வாங்கினாங்க. பைப் அடைச்சப்போ தொப்பில குத்துற ஊசியால குத்தி எடுத்தாங்க. பிரேக் கட்டை தேய்ஞ்சப்போ செருப்புத் தைக்கிறவர்கிட்ட தோல் வச்சு அடிச்சு வாங்கிக்கிட்டாங்க. "உலகத்தோட முதல் லாங் டிரைவ்லயே பிரேக் டவுன் இருந்துச்சு மாப்ள, அவங்க நின்னு சரி பண்ணிட்டுப் போனாங்க, அதனாலதான் நாம இன்னைக்குப் போயிட்டு இருக்கோம்". அதே 1888லதான் டன்லப் காத்தடிச்ச டயருக்கு பேட்டன்ட் வாங்கினாரு, மகனோட மூணு சக்கர சைக்கிள் குலுங்காம ஓடணும்னு பண்ணது அது. அவருக்கு முன்னாடியே 1845ல ராபர்ட் தாம்சன் அதைக் கண்டுபிடிச்சு யாரும் கண்டுக்காம போனதையும் சேத்துச் சொன்னான், யாரையும் விட்டுட மாட்டான். வெளிய இருட்டு, ஹெட்லைட் வெளிச்சத்துல ரோடு மட்டும் வந்துட்டே இருக்கு, பக்கத்துல அவன் குரல். என் வாழ்க்கைல ரொம்ப சந்தோஷமா இருந்த ராத்திரின்னு எண்ணினா அதுல இது இருக்கும்.

வியாதி வந்ததைப் பத்தி அதிகம் எழுத விருப்பம் இல்ல. கண்டுபிடிச்சப்போ தாமதமாயிடுச்சு, அஞ்சு மாசம். அதுல ஒரு நாளைப் பத்தி மட்டும் சொல்லணும். ஆஸ்பத்திரில இருந்தான். என் வண்டில காலைல ஸ்டார்ட் பண்ணா டிக் டிக்னு ஒரு சத்தம், இது முன்ன சொன்ன வண்டி இல்ல, அதுக்கு அப்புறம் வாங்கினது. நானும் ஸ்க்ரூடிரைவர் வச்சுக் கேட்டுட்டு டேப்பெட்னு முடிவு பண்ணிட்டேன். அவனுக்குப் போன் பண்ணேன், பேச்சு குடுக்க ஒரு விஷயம் வேணும், நலம் விசாரிக்க எனக்குத் தைரியம் இல்ல. "போனை என்ஜின்கிட்ட பிடி"ன்னான். பிடிச்சேன். ஒரு நிமிஷம் ஒண்ணும் பேசல, அவன் மூச்சு விடுற சத்தமும் என்ஜின் சத்தமும்தான்.

"சூடான உடனே சத்தம் போயிடுதா?"

"ஆமாடா, அஞ்சு நிமிஷத்துல போயிடும்."

"டேப்பெட் இல்ல. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கெட் லீக். ஆறி இருக்கும்போது இடுக்கு வழியா காத்து வெளிய அடிக்குது, இரும்பு சூடாகி விரிஞ்சா அதுவே அடைச்சுக்குது. ஸ்டட் ஒண்ணு உடைஞ்சிருக்கும், பின்னாடி ஓரத்துல பாரு."

பாத்தேன். புகை போற குழாயை என்ஜினோட பிடிச்சு வைக்கிற ஸ்டட், பின்னாடி ஓரத்துல உடைஞ்சு இருந்துச்சு. படுக்கைல இருந்து, போன் வழியா, அந்த வலியோட. திரும்ப அவன்கிட்ட அதைச் சொன்னப்போ அவன் சிரிச்ச சிரிப்பு பழைய சனிக்கிழமை சிரிப்பு. எட்டு நாள்ல போயிட்டான். சாமானையெல்லாம் எடுத்து வைக்கும்போது அவன் போன் எங்கயோ பைக்குள்ள அடிச்சுது, மஸ்டா கத்துச்சு, எடுக்க யாருக்கும் கை வரல. முடியுற வரைக்கும் கத்தி நின்னுச்சு.

இப்ப போன மாசம். ராத்திரி பத்தரை மணி இருக்கும், தனியா வந்துட்டு இருந்தேன், ரெண்டு பக்கமும் ஒண்ணும் இல்லாத ரோடு. ஸ்டியரிங் இடது பக்கம் இழுக்க ஆரம்பிச்சுது, அப்புறம் தப தபன்னு சத்தம். இறங்கிப் பாத்தா முன்னாடி இடது டயர் ரிம்மோட ஒட்டிடுச்சு. டிக்கியைத் திறந்து சாமானை வெளிய எடுத்து வச்சுட்டு அடித்தட்டைத் தூக்கும்போதுதான் மனசுல பக்குன்னு இருந்துச்சு. அவன் போனதுக்கு அப்புறம் அந்தக் கேள்வியைக் கேக்க ஆளே இல்லைங்கிறதும், நான் ஒரு தடவை கூட அதைப் பாத்ததில்லைங்கிறதும் அப்பத்தான் உறைச்சுது.

நடு போல்ட்டைக் கழட்டி ஸ்டெப்னியை வெளிய தூக்கி நிறுத்தி, கைல அழுத்திப் பாத்தேன். கெட்டியா இருந்துச்சு. போன் டார்ச்சை அடிச்சுப் பாத்தேன். டயர் பக்கவாட்டுல சாக்பீஸ்ல எழுதியிருந்துச்சு. அவன் கையெழுத்து, கணக்கு எழுதுறவன் எழுத்து, ஒரே அளவா. ஒரு தேதி, பக்கத்துல 35. கீழ இன்னொரு தேதி, 35. மூணு மாசத்துக்கு ஒண்ணு, வரிசையா, வளைவோட சேந்து வளைஞ்சு போகுது. எல்லாம் 35. நான் "இருக்குடா"ன்னு சொன்ன ஒவ்வொரு தடவைக்கும் அவன் என் பேச்சை நம்பாம, என்கிட்ட சொல்லாம, அவனே பாத்து அடிச்சு வச்சிருக்கான்.

கடைசித் தேதியைப் பாத்தேன். அது வியாதின்னு தெரிஞ்சதுக்கு அப்புறம். நடுவுல ரெண்டு வாரம் ஆஸ்பத்திரில இருந்து அனுப்பியிருந்தாங்க, அப்ப ஒரு நாள் எங்க வீட்டுக்கு வந்திருந்தான். "சாவி குடு, கண்ணாடியை உன் வண்டில விட்டுட்டேன்"னு வாங்கிட்டுப் போனான். அப்போ ஒரு போன் வர நான் பேசிட்டு இருந்தேன். பதினஞ்சு நிமிஷம் கழிச்சு மூச்சு வாங்க வந்தான், கையைக் கழுவிட்டு வந்து உக்காந்தான், நான் எதுவும் கேக்கல. அந்தத் தேதிதான். அதுக்குப் பக்கத்துல 35 இல்ல. 38.

டயர்ல காத்து தானா குறையும், மாசத்துக்கு ஒரு பிஎஸ்ஐ (காத்தழுத்தத்தோட அளவு) கணக்கு வச்சுக்கோன்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே அவன்தான். மூணு மாசத்துக்கு மூணு. அதனாலதான் எப்பவும் 35, அடுத்த தடவை வர்றதுக்குள்ள 32க்குக் கீழ போகாது. அந்த நாள் மட்டும் 38.

ரோட்லயே உக்காந்துட்டேன். எவ்ளோ நேரம்னு தெரியல. ரெண்டு லாரி போச்சு, ஒருத்தர் வேகத்தைக் குறைச்சு உதவி வேணுமான்னு கேட்டாரு, வேணாம்னு கை காட்டினேன். அப்புறம் எந்திரிச்சு, அவன் சொல்லிக் குடுத்த மாதிரியே, ஜாக்கி போடுறதுக்கு முன்னாடி நட்டை அரைச் சுத்து லூஸ் பண்ணி, பின்சக்கரத்துக்குக் கல்லு வச்சு, தூக்கி, மாத்தி, நட்டை வரிசையா முறுக்காம எதிரெதிரா முறுக்கி, இறக்கி, திரும்ப ஒரு தடவை டைட் பண்ணேன். எழுத்து இருக்குற பக்கம் வெளிய தெரிஞ்சுது. 50க்கு மேல போகல. ஈர ரோடு எங்கயும் வந்துடக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டே வந்தேன்.

மறுநாள் பஞ்சர் ஒட்டி, சக்கரத்தைத் திரும்ப மாட்டினதும், ஸ்டெப்னியைக் காத்து மெஷின்கிட்ட உருட்டிட்டுப் போய் கேஜ் வச்சேன். 25 காட்டுச்சு. அந்த நாள்ல இருந்து எண்ணிப் பாத்தா 13 மாசம். ஹோஸை மாட்டிட்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்னேன், அடிக்கலாமா வேணாமான்னு. அது அவன் அடிச்ச காத்து. அப்புறம் யோசிச்சேன், மேல அடிச்சா உள்ள இருக்குறது வெளிய போகப் போறதில்ல, புதுசு அதோட சேரத்தான் போகுது. அடிச்சேன். மெஷின் கூவினதும் ஹோஸை எடுத்து, எச்சில் தொட்டு வால்வு மேல வச்சுப் பாத்தேன், குமிழி வரல. மூடியைப் போட்டு, 38க்குக் கீழ அன்னைக்குத் தேதியை எழுதி, பக்கத்துல 35னு எழுதினேன். என் எழுத்து அவனோடது மாதிரி ஒரே அளவா வராது. உள்ள வச்சு நடு போல்ட்டை முறுக்கி, அடித்தட்டை மூடினேன்.